ஒரு மில்லிமீட்டரின் கனம்: மெலனோமா நோயாளியின் ஆயுளை எப்படிக் கணிக்கிறார்கள்?

மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோய் கண்ட ஒருவரின் திசுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும், மருத்துவரின் கண் முதலில் தேடுவது ஒரு சிறிய எண்ணைத்தான். ‘பிரெஸ்லோ தடிமன்’ என்ற சொற்களுக்கு எதிரே 0.6 என்றோ 1.4 என்றோ 5.2 என்றோ மில்லிமீட்டரில் அது குறிக்கப்பட்டிருக்கும். அடுத்து எவ்வளவு தோலை அறுத்தெடுக்க வேண்டும், நிணநீர்க் கணுவைச் சோதிக்க வேண்டுமா, மருந்து தேவைப்படுமா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பவை பெரும்பாலும் அந்த எண்ணைச் சுற்றியே முடிவாகின்றன. “பிழைத்துக்கொள்வாரா, இன்னும் எவ்வளவு காலம்?” என்று குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விக்கான பதிலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பதில் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், யாருடைய உடல்களிலிருந்து அது கணக்கிடப்பட்டது என்பவற்றை விளங்கிக்கொள்வது, நோயைப் பற்றி அறிவதற்குச் சற்றும் குறையாத அளவு முக்கியம் என்று நினைக்கிறேன்.

மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களில் தொடங்குகிறது. இந்தச் செல்கள் மேல்தோலின் அடிவரிசையில் அமர்ந்திருக்கின்றன. மேல்தோலில் இரத்தக்குழாய்கள் இல்லை. அதற்குக் கீழே உள்ள உள்தோலில்தான் இரத்தக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் ஓடுகின்றன. புற்றாக மாறிய செல்கள் மேல்தோலுக்குள் பக்கவாட்டில் பரவிக்கொண்டிருக்கும்வரை அவை வேறெங்கும் போக வழியில்லை. கீழ்நோக்கி இறங்கத் தொடங்கிய பிறகு, இறங்கும் ஒவ்வொரு பத்தில் ஒரு மில்லிமீட்டரும் அவற்றை உடலெங்கும் கொண்டுசெல்லக்கூடிய குழாய்களுக்கு அருகே கொண்டுபோகிறது. அகலத்தைவிட ஆழம் இந்த நோயில் கூடுதலாகப் பேசுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம். உள்ளங்கை அளவு படர்ந்த மெல்லிய கரும்படை ஒன்று முழுமையாகக் குணமாகிவிடலாம்; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, ஆனால் ஆழமாக வேர்விட்ட முடிச்சு ஒன்று உயிரை வாங்கிவிடலாம்.

ஆழத்தை எப்படி அளப்பது என்பதில் முதலில் இரண்டு வழிகள் இருந்தன. 1969-இல் அமெரிக்க நோயியலாளர் வாலஸ் கிளார்க், கட்டி தோலின் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்பதை வைத்து ஐந்து படிநிலைகளை வகுத்தார். முதல் படியில் புற்று மேல்தோலுக்குள்ளேயே இருக்கும். ஐந்தாம் படியில் தோலுக்கடியிலுள்ள கொழுப்பைத் தொட்டுவிட்டிருக்கும். அடுத்த ஆண்டே, 1970-இல், வாஷிங்டன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிரெஸ்லோ இன்னும் எளிய ஒன்றைச் செய்தார். நுண்ணோக்கியின் கண்ணாடியில் அளவுகோடுகள் பொறித்த சிறு வில்லையைப் பொருத்தி, மேல்தோலின் துகளடுக்கிலிருந்து மிக ஆழத்தில் தெரியும் புற்றுச் செல்வரை உள்ள தூரத்தை நேராக அளந்தார். அவர் ஆராய்ந்தவர்கள் 98 பேர் மட்டுமே. அவர்களில் கட்டியின் தடிமன் 0.76 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்த எவருக்கும் நோய் திரும்பவில்லை. ஓர் அளவுகோலும் ஒரு நுண்ணோக்கியும் கொண்டு செய்த அந்தச் சிறிய ஆய்வு, அரை நூற்றாண்டுக்குப் பிறகும் உலகெங்கும் எழுதப்படும் ஒவ்வொரு மெலனோமா அறிக்கையிலும் உயிரோடு இருக்கிறது.

கிளார்க்கின் படிநிலை மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. கண்ணிமையின் தோலும் முதுகின் தோலும் ஒரே கனம் உடையவை அல்ல. ஓர் அடுக்கு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதில் இரண்டு நோயியலாளர்கள் எளிதில் வேறுபடலாம். மில்லிமீட்டரில் அந்தக் கருத்து வேறுபாடு குறைவு. குறைவே தவிர, இல்லாமல் இல்லை: திசுவைச் சாய்வாக வெட்டினால் தடிமன் கூடுதலாகத் தெரியும், மேலாகச் சீவி எடுத்த மாதிரியில் அடிப்பகுதியே கிடைக்காமல் போகும். அதனால்தான் இன்றைய விதி, தடிமனை ஒரே ஒரு தசம இடத்துக்கு மட்டும் குறிக்கச் சொல்கிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை எழுதுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டுவதாகிவிடும்.

அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழு வகுத்து, 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு வகைப்பாட்டில், தடிமன் 1, 2, 4 மில்லிமீட்டர் என்ற எல்லைக்கோடுகளால் நான்கு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் வகுப்புக்குள்ளே 0.8 என்ற இன்னொரு கோடும் உண்டு. தடிமனுக்கு அடுத்து அந்த வகைப்பாடு பார்ப்பது, கட்டியின் மேல் இருக்க வேண்டிய தோல் நுண்ணோக்கியில் அழிந்து காணப்படுகிறதா என்பதை. இதைப் புண்ணாதல் என்கிறார்கள். கையால் சொறிந்து வந்த புண்ணை இது குறிக்கவில்லை. கட்டி தன் கூரையைத் தானே தின்றுவிட்ட நிலையைக் குறிக்கிறது. புண்ணான கட்டியின் போக்கு, அதே தடிமனுள்ள புண்ணாகாத கட்டியைவிட ஏறத்தாழ ஒரு வகுப்பு மேலே உள்ள கட்டியின் போக்கை ஒத்திருக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்ற எண்ணிக்கை, முந்தைய ஏழாம் பதிப்பில் மெல்லிய கட்டிகளைப் பிரிக்கப் பயன்பட்டு, எட்டாம் பதிப்பில் அந்த இடத்தை இழந்தது; ஆயினும் அது வலிமையான அறிகுறிதான் என்பதால் அறிக்கையில் எழுதச் சொல்கிறார்கள். இவற்றோடு வயது, பால், கட்டி இருக்கும் இடம் ஆகியனவும் சேர்கின்றன. பெண்களுக்கு ஆண்களைவிட நிலைமை சற்று நல்லதாக இருக்கிறது. கை கால்களில் வந்தது, தலையிலும் உடற்பகுதியிலும் வந்ததைவிடப் பொதுவாகக் குறைந்த ஆபத்துடையது.

ஆனால் தோலில் இருக்கும் கட்டி எதுவரை சொல்லும்? அது கிளம்பக்கூடியதா என்று சொல்லும். கிளம்பிவிட்டதா என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியை 1992-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் டொனால்ட் மார்ட்டனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டார்கள். கட்டி இருந்த இடத்தில் நீலச் சாயத்தைச் செலுத்தினால், அந்த இடத்து நிணநீர் முதலில் எந்தக் கணுவுக்குப் போய்ச் சேர்கிறதோ அந்தக் கணு நீலமாகும். பின்னாளில் கதிரியக்க அடையாளப் பொருளும் அதனோடு சேர்ந்தது. நோய் நிணநீர் வழியாகப் போயிருந்தால் முதலில் தங்கியிருக்க வேண்டிய இடம் அதுவே என்பதால், அதைக் காவல் கணு என்று அழைப்பது பொருத்தம். அந்த ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி, ஒவ்வொன்றிலும் புற்றுச் செல்லைத் தேடுகிறார்கள்.

இந்தச் சோதனை எவ்வளவு பேசும் என்பதை மார்ட்டன் தலைமையில் நடந்த முதல் பெரிய ஒப்பீட்டாய்வின் இறுதி முடிவுகள் 2014-இல் காட்டின. நடுத்தரத் தடிமனுள்ள கட்டி கொண்டவர்களில், காவல் கணுவில் நோய் இல்லாதவர்களில் 100-க்கு 85 பேர் 10 ஆண்டுகளில் மெலனோமாவால் இறக்காமல் இருந்தார்கள். கணுவில் நோய் இருந்தவர்களில் அது 62 பேர். ஒரே தடிமன் வகுப்புக்குள் இவ்வளவு பெரிய பிளவை வேறெந்த அளவும் தரவில்லை. ஆனால் அதே ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், காவல் கணுவைச் சோதித்த அணிக்கும் சோதிக்காமல் கவனித்து வந்த அணிக்கும் மெலனோமா இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. 2017-இல் வந்த அடுத்த ஆய்வு, காவல் கணுவில் நோய் இருந்தாலும் அந்தப் பகுதியின் கணுக்கள் அனைத்தையும் உடனே அகற்றுவது ஆயுளைக் கூட்டவில்லை என்று காட்டியது. 3 ஆண்டு முடிவில் இரு அணிகளிலும் 86 விழுக்காட்டினர் மெலனோமாவால் இறக்காமல் இருந்தார்கள். ஆனால் முழுமையாகக் கணு அகற்றப்பட்டவர்களில் 24 விழுக்காட்டினருக்குக் கை கால் வீக்கம் வந்தது, மற்ற அணியில் 6 விழுக்காட்டினருக்கு. முன்கூட்டி அறிவது ஒன்று, அறிந்ததால் பிழைக்க வைப்பது வேறொன்று என்ற பிரிவை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் புற்றுநோய் மருத்துவத்தில் அதிகமில்லை. இதன் பயனாக, எத்தனையோ நோயாளிகள் வாழ்நாள் முழுவதும் வீங்கிய காலோடு நடக்க வேண்டிய நிலையிலிருந்து தப்பினார்கள்.

தடிமன், புண், கணு ஆகியவற்றை ஒன்றாக்கித்தான் ‘நிலை’ என்ற எண் பிறக்கிறது. முதல் இரண்டு நிலைகளில் நோய் தோலோடு நிற்கிறது. மூன்றாவதில் அருகிலுள்ள கணுக்களையோ அவற்றுக்குப் போகும் வழியையோ தொட்டுவிட்டிருக்கிறது. நான்காவதில் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் போய்விட்டிருக்கிறது. எட்டாம் பதிப்புக்காக, 1998 முதல் நோய் கண்டறியப்பட்ட, முதல் மூன்று நிலைகளைச் சேர்ந்த 46,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் பல நாடுகளின் மையங்களிலிருந்து திரட்டப்பட்டன. அதன்படி 5 ஆண்டுகளில் மெலனோமாவால் இறக்காமல் இருப்போர், 1 ஏ நிலையில் 100-க்கு 99. 2 ஏ நிலையில் 94. 2 சி நிலையில் 82. கணுவைத் தொட்டுவிட்ட மூன்றாம் நிலைக்குள் 3 ஏ-வில் 93, 3 பி-யில் 83, 3 சி-யில் 69, 3 டி-யில் 32.

இந்த வரிசையைக் கூர்ந்து படிப்பவருக்கு ஓர் இடறல் தட்டுப்படும். கணுவைத் தொடாத 2 சி நிலையில் 82 பேர். கணுவைத் தொட்டுவிட்ட 3 ஏ நிலையில் 93 பேர். எண் கூடினால் ஆபத்து கூடும் என்று நம்பி வரும் நோயாளியை இது குழப்புகிறது. ‘மூன்றாம் நிலை’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நொறுங்கிப்போகும் குடும்பங்களை நினைத்தால், இதை விளக்காமல் விடுவது தவறு என்றே எனக்குப் படுகிறது. 2 சி என்பது 4 மில்லிமீட்டரைத் தாண்டிய, புண்ணான கட்டி. 3 ஏ என்பது 2 மில்லிமீட்டரைத் தாண்டாத, பெரும்பாலும் புண்ணாகாத கட்டியும், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் அளவு கணுவில் தங்கிய சில செல்களும். தடித்த கட்டி கணுக்களைத் தொடாமலேயே இரத்தம் வழியாக நுரையீரலுக்கோ மூளைக்கோ போக முடியும். நிலைகளின் எண் நோய் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதற்காக வகுக்கப்பட்டது. அபாயத்தின் வரிசை அதோடு முழுமையாக ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இந்த உண்மை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. நோய் திரும்பாமல் தடுக்கும் நோயெதிர்ப்பு மருந்து முதலில் மூன்றாம் நிலைக்கே வழங்கப்பட்டது. 2 பி, 2 சி நிலைகளுக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தர அமெரிக்காவில் 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்ததற்குப் பின்னால், இந்த நோயாளிகள் உண்மையில் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற இந்தக் கணக்கு இருந்தது.

இனி, இந்த விழுக்காடுகள் எப்படி உண்டாகின்றன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 46,000 பேரையும் 10 ஆண்டுகள் முழுமையாகப் பின்தொடர்ந்து எண்ணிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வது சரியாகாது. சிலர் 2 ஆண்டுக்கு முன்புதான் சேர்ந்திருப்பார்கள். சிலர் ஊர் மாறிப் போய்த் தொடர்பற்றிருப்பார்கள். எட்வர்ட் கேப்லனும் பால் மெய்யரும் 1958-இல் வகுத்த முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது: ஒருவர் கண்காணிப்பில் இருந்த காலம்வரை அவரைக் கணக்கில் வைத்து, அதன் பிறகு அவரை உயிருடன் இருப்பவராகவோ இறந்தவராகவோ கொள்ளாமல் பட்டியலிலிருந்து விலக்கிவிட வேண்டும். ஒவ்வோர் இறப்பு நிகழும் நாளிலும், அன்று பட்டியலில் மீந்திருந்தவர்களில் எத்தனை பங்கினர் அந்த நாளை உயிரோடு கடந்தார்கள் என்பதைப் பெருக்கிக்கொண்டே போனால், படிக்கட்டுபோல் இறங்கும் வரைகோடு கிடைக்கும். அதன் வலப்புற ஓரத்தில், அதாவது நீண்ட ஆண்டுகளில், கணக்கைத் தாங்கி நிற்பவர்கள் மிகச் சிலரே. அங்கே ஒருவர் இறந்தாலும் கோடு சடாரென்று விழும்.

எந்த இறப்பைக் கணக்கிடுகிறார்கள் என்பதும் விடையை மாற்றும். மேலே தந்த எண்கள் மெலனோமாவால் நேர்ந்த இறப்பை மட்டும் எண்ணியவை. 78 வயதில் மெலனோமா கண்டு, 81 வயதில் மாரடைப்பால் இறந்தவர் அந்தக் கணக்கில் மெலனோமாவுக்குப் பலியானவர் ஆகமாட்டார். எல்லாக் காரணத்தாலும் நேரும் இறப்பை எண்ணும் அட்டவணையை இதன் அருகே வைத்து ஒப்பிட்டால், இரண்டாவது எப்போதும் மோசமாகவே தெரியும். இணையத்தில் தேடிக் கிடைத்த இரண்டு எண்கள் முரண்படுகின்றன என்று கலங்குவோரில் பலர் இந்த வேறுபாட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அதைவிட நுட்பமான ஒன்று, யாரைச் சேர்த்தார்கள் என்பது. எட்டாம் பதிப்பின் முதல் இரண்டு நிலைகளுக்கான கணக்கில், 1 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டி உள்ளவர்களில் காவல் கணுவைச் சோதித்து நோயில்லை என்று உறுதியானவர்கள் மட்டுமே இடம்பெற்றார்கள். கணுவில் ஒளிந்திருந்த நோய் வெளிப்பட்டவர்கள் மூன்றாம் நிலைக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். ‘அ’ பிரிவில் கடைசி மதிப்பெண் வாங்கிய மாணவரை ‘ஆ’ பிரிவுக்கு மாற்றினால், அவர் அங்கிருப்பவர்களைவிடச் சற்று மேலானவராக இருக்கும் பட்சத்தில், இரண்டு பிரிவுகளின் சராசரியும் உயரும். மாணவர் யாரும் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாக வாங்கியிருக்க மாட்டார்கள். சோதனை நுட்பமாகும்போதெல்லாம் புற்றுநோய் அட்டவணைகளில் இது நிகழ்கிறது. ஜெர்மனியின் மெலனோமாப் பதிவேட்டுத் தரவைக் கொண்டு இதே நிலைகளைச் சரிபார்த்தபோது, உயிர்பிழைப்பு வீதங்கள் எட்டாம் பதிப்பு சொன்னதைவிடக் குறைவாகவே வந்தன. தேர்ந்த மையங்களுக்குச் சென்று எல்லாச் சோதனையும் செய்துகொண்டவர்களின் எண், கணுவே சோதிக்கப்படாத ஒருவருக்கு அப்படியே பொருந்தாது.

நிலை என்ற ஒரே பெட்டிக்குள் வேறுபட்ட மனிதர்களைப் போட்டுவிடுவதால், வயது, இடம், செல் பிரிவு, புண் என ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்துத் தனித்தனியே கணக்கிடும் கருவிகளும் உருவாகியிருக்கின்றன. ஆஸ்திரேலிய மெலனோமா நிறுவனம் உருவாக்கிய கருவி, காவல் கணுவில் நோய் இருப்பதற்கான வாய்ப்பைச் சொல்கிறது. இத்தகைய கருவிகளின் தரத்தை இரண்டு வகையில் சோதிக்க வேண்டும். இரண்டு நோயாளிகளைக் காட்டினால் யாருக்கு முன்னதாக ஆபத்து என்று சரியாக வரிசைப்படுத்துகிறதா என்பது ஒன்று. இதற்கான அளவுகோலில் 0.5 என்பது நாணயம் சுண்டிச் சொல்வதற்குச் சமம், 1 என்பது பிழையே இல்லாமை. ‘30 விழுக்காடு’ என்று கருவி சொன்ன நூறு பேரில் உண்மையிலேயே ஏறத்தாழ முப்பது பேருக்கு அது நடக்கிறதா என்பது மற்றொன்று. வரிசையைச் சரியாகச் சொல்லும் கருவி அளவைத் தவறாகச் சொல்லக்கூடும். கட்டியின் மரபணுச் செயல்பாட்டை அளந்து ஆபத்தைச் சொல்லும் வணிகச் சோதனைகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். தடிமனும் புண்ணும் கணுவும் ஏற்கெனவே சொன்னதற்கு மேல் அவை எவ்வளவு கூட்டிச் சொல்கின்றன, அந்தக் கூடுதல் அறிவால் சிகிச்சை மாறி யாராவது கூடுதலாகப் பிழைத்தார்களா என்பது காட்டப்படும்வரை, அவற்றுக்குப் பெரும் தொகை செலவிடத் தூண்டுவது முறையல்ல என்பது என் கருத்து.

கணிப்பின் இன்னொரு முகம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தெரிந்தது. உலகில் மெலனோமா மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் ஒன்றான அங்கே, 1 மில்லிமீட்டரைத் தாண்டாத மெல்லிய கட்டி உள்ளவர்களில் 100-க்கு 96 பேர் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்நோயால் இறக்காமல் இருந்தார்கள். ஆயினும் 4 மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டிகளால் இறந்தோரைவிட, மெல்லிய கட்டிகளால் இறந்தோரின் எண்ணிக்கை அங்கே அதிகம். முரண்போலத் தோன்றினாலும் கணக்கு எளியது: தடித்த கட்டிக்காரர்கள் சிலரே, மெல்லிய கட்டிக்காரர்கள் மிகப் பலர், மிகப் பலரில் நான்கு விழுக்காடு என்பது சிறிய கூட்டமல்ல. அந்த நால்வர் யார் என்று முன்னதாகப் பிரித்துக் காட்டக்கூடிய அளவுகோல் இன்றைய ஆய்வுலகம் மிகுந்த உழைப்போடு தேடிக்கொண்டிருக்கும் ஒன்று.

நான்காம் நிலையைப் பற்றிய கணிப்போ, பத்து ஆண்டுகளுக்குள் தலைகீழாக மாறிவிட்டது. 1975-க்கும் 2005-க்கும் இடையே நடந்த பல மருந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொலைவுக்குப் பரவிய மெலனோமா கொண்டவர்களில் பாதிப்பேர் 6.2 மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். ஓராண்டைக் கண்டவர்கள் கால் பங்கினர். 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய நோயெதிர்ப்பு மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவற்றுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2024-இல் வெளியான 10 ஆண்டு முடிவுகளின்படி, இபிலிமுமாபும் நிவோலுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 விழுக்காட்டினர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். அந்த அணியில் பாதிப்பேர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ 72 மாதங்கள். 2015 ஆகஸ்டில் மெலனோமா மூளைக்குப் பரவியிருப்பதாக அறிவித்தபோது முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு வயது 90. பழைய அட்டவணை அவருக்கு மாதங்களையே தந்திருக்கும். கதிர்வீச்சும் பெம்ப்ரோலிசுமாபும் பெற்ற அவர், 2024 டிசம்பரில் 100 வயதில் காலமானார். எட்டாம் பதிப்பை வகுத்தவர்கள் நான்காம் நிலைக்குப் புதிய உயிர்பிழைப்பு வரைகோடுகளைத் தராமல் விட்டதன் காரணமும் இதுதான்: பழைய நோயாளிகளின் தரவு, புதிய மருந்தைப் பெறப்போகும் நோயாளியிடம் உண்மை பேசாது.

இந்த நிலையில் தடிமன் பின்னுக்குப் போய், வேறு அறிகுறிகள் முன்னுக்கு வருகின்றன. இரத்தத்திலுள்ள எல்டிஎச் என்னும் நொதியின் அளவு மலிவான, எந்த ஊர் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய சோதனை. ஆனால் அது உயர்ந்திருப்பது உடலில் நோயின் பளு அதிகம் என்பதன் வலிமையான அறிகுறி. நோய் எந்த உறுப்பில் இருக்கிறது என்பது அடுத்தது: தோல், தொலைவிலுள்ள கணு, நுரையீரல், பிற உள்ளுறுப்புகள், மூளை என்ற வரிசையில் ஆபத்து பொதுவாகக் கூடுகிறது. கட்டியின் செல்களில் பிராஃப் என்ற மரபணு திரிந்திருப்பவர்களுக்கு, அந்தத் திரிபைக் குறிவைக்கும் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தபோது 5 ஆண்டு உயிர்பிழைப்பு மொத்தத்தில் 34 விழுக்காடு. எல்டிஎச் இயல்பாகவும், நோய் இருந்த உறுப்புகள் மூன்றுக்குக் குறைவாகவும் இருந்தவர்களில் அது 55.

இதுவரை சொன்ன எண்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல் கொண்டவர்களிடமிருந்து, வெயில் பட்ட தோலில் எழுந்த கட்டிகளிலிருந்து வந்தவை. நம்மைப் போன்ற நிறத்தவரிடம் மெலனோமா அரிது. இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே அது வருகிறது. வரும்போது வெயிலோடு தொடர்பில்லாத இடங்களில் வருவது மிகுதி: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி, வாய், மலக்குடல் போன்ற சளிச்சவ்வுப் பகுதிகள். பாடகர் பாப் மார்லியின் கால் விரலில் 1977-இல் கண்டறியப்பட்டு, 1981-இல் 36 வயதில் அவர் உயிரைப் பறித்தது இந்த வகைதான். அமெரிக்கப் பதிவேடுகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வில், கை கால் நுனிகளில் வரும் இந்த வகையில் 5 ஆண்டு உயிர்பிழைப்பு 80 விழுக்காடு. தோல் மெலனோமா அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 91. அந்நாட்டில் வெள்ளையரிடம் மெலனோமாவின் 5 ஆண்டு உயிர்பிழைப்பு ஏறத்தாழ 94 விழுக்காடாக இருக்க, கறுப்பினத்தவரிடம் அது ஏறத்தாழ 70 ஆக நிற்கிறது.

இந்த இடைவெளியின் பெரும்பகுதி தாமதத்தால் வருவது. உள்ளங்காலில் எழும் கரும்புள்ளியை நாம் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும் முள் குத்தியது, கால் ஆணி, ஆறாத சர்க்கரைப் புண், நகச்சுத்தி என்று எண்ணி மாதக்கணக்கில் களிம்பு பூசுகிறோம். நகத்தின் நடுவே ஓடும் கரும்பட்டை நம்மவருக்கு இயல்பாகவும் வரக்கூடியது என்பதால், ஒரே விரலில் மட்டும் வந்து நாளுக்கு நாள் அகலும் பட்டையும், நகத்தைத் தாண்டித் தோலில் கசியும் கருமையும் கவனத்திலிருந்து தப்பிவிடுகின்றன. கட்டி கறுப்பாக இல்லாமல் சிவப்பாகவோ தோல் நிறத்திலோ இருந்தால் மருத்துவரும் ஏமாறக்கூடும். இப்படி நாள் கடந்து வருபவரின் அறிக்கையில் பிரெஸ்லோ தடிமன் தொடக்கத்திலேயே 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருப்பது இயல்பாகிவிடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் தாமதத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. நுனிப்பகுதி மெலனோமாவில் பிராஃப் திரிபு குறைவு, எனவே அதைக் குறிவைக்கும் மாத்திரைகளால் பயன்பெறுவோரும் குறைவு. நோயெதிர்ப்பு மருந்துக்கு அது இணங்குவதும் வெயில் பட்ட தோலில் எழும் மெலனோமாவைவிடக் குறைவாகவே இருக்கிறது. எனவே தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள ஒருவர் உள்ளங்கால் மெலனோமாவுக்கு, சிட்னியில் முதுகில் வந்த மெலனோமாவின் அட்டவணையைப் பார்த்துத் தன் வாய்ப்பைக் கணிப்பது, வேறொருவரின் காலணியில் தன் காலை நுழைப்பதாகும்.

கணிப்பு கண்டறிந்த நாளோடு நின்றுவிடுவதும் இல்லை. 3 சி நிலையில் 100-க்கு 69 பேர் 5 ஆண்டுகளையும், 60 பேர் 10 ஆண்டுகளையும் மெலனோமாவால் இறக்காமல் கடக்கிறார்கள். நோய் தெரிந்த அன்று ஒருவருக்குரிய 10 ஆண்டு வாய்ப்பு 60 விழுக்காடு. அவரே 5 ஆண்டைக் கடந்து வந்து நிற்கும்போது, அந்த 69 பேரில் ஒருவராகிவிட்டார். அவர்களில் 60 பேர் அடுத்த 5 ஆண்டையும் கடக்கிறார்கள் என்பதால் அவருடைய வாய்ப்பு இப்போது 87 விழுக்காடு. மிகக் கடினமான 3 டி நிலையிலும், முதல் 5 ஆண்டைக் கடப்பவர்கள் 32 பேர், பத்தைக் கடப்பவர்கள் 24 பேர். ஐந்தைக் கடந்தவருக்கு அடுத்த ஐந்தைக் கடக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. பழைய அறிக்கையில் படித்த எண்ணை ஆண்டுக்கணக்கில் மனத்தில் சுமந்துகொண்டிருப்பவர்களிடம், அந்த எண் அவர்களுக்கு இனி உரியதல்ல என்பதை மருத்துவர்கள் தாமாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். 10 ஆண்டு கடந்தும் நோய் திரும்பியவர்கள் உண்டு என்பதால் கண்காணிப்பைக் கைவிட முடியாது. அச்சத்தின் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது நடந்துவரும் மாற்றம், கணிப்பையும் சிகிச்சையையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செலுத்துகிறது. கணுவில் நோய் கையில் தட்டுப்படும் அளவோ, ஸ்கேனில் தெரியும் அளவோ வளர்ந்த நோயாளிகளுக்கு, அறுவைக்கு முன்பே இபிலிமுமாபும் நிவோலுமாபும் இரண்டு சுற்று கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2024-இல் வெளிவந்தன. இதில் பங்கேற்றவர்கள் 423 பேர். நோய் முற்றாமலும் திரும்பாமலும் ஓராண்டைக் கடந்தவர்கள், முன்கூட்டியே மருந்து பெற்ற அணியில் 83.7 விழுக்காடு, முதலில் அறுவையும் பிறகு மருந்தும் பெற்ற அணியில் 57.2 விழுக்காடு. மருந்துக்குப் பின் அகற்றப்பட்ட கணுக்களை நோயியலாளர் மீண்டும் சீவலாக்கி, உயிருள்ள புற்றுச் செல்கள் எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தார். முன்கூட்டி மருந்து பெற்றவர்களில் 59 விழுக்காட்டினருக்கு அது 10 விழுக்காடு அல்லது அதற்கும் கீழே இருந்தது. அவர்களில் 95 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். மருந்துக்கு இணங்காத கட்டி கொண்டவர்களில் அது 57 விழுக்காடு. நன்கு இணங்கியவர்கள் அறுவைக்குப் பிறகு மேற்கொண்டு மருந்து பெறவில்லை; மற்றவர்களுக்கே சிகிச்சை தொடர்ந்தது. கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று 1970-இல் கேட்ட அதே நுண்ணோக்கி, மருந்துக்குப் பிறகு அதில் எவ்வளவு மிஞ்சியது என்று இப்போது கேட்கிறது. நோயாளிக்கு அடுத்த ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது அந்த அளவைப் பார்த்தே முடிவாகிறது.